16 ஆண்டுகள், 17 போட்டிகள்: லார்பி பென் பாரெக் என்ற உதைபந்தாட்ட வீரரின் கதை

பிரெஞ்சுத் தேசிய உதைபந்தாட்ட அணியின் சாதனைகளில் ஒன்று இன்றுவரை முறியடிக்கப்படாமல் இருக்கிறது. ஒரு வீரர் அந்த அணிக்காக ஆடிய முதற் போட்டிக்கும் இறுதிப் போட்டிக்கும் இடையிலான காலத்தைக் கணக்கிட்டால், மிக நீண்ட காலத்தைக் கொண்டிருப்பவர் லார்பி பென் பாரெக். முதற் போட்டி 1938 டிசம்பர் 4. இறுதிப் போட்டி 1954 ஒக்டோபர் 16. இடையில் 15 ஆண்டுகளும் 10 மாதங்களும். பிளாட்டினி, சிடான், ஹென்றி, லோறிஸ் எனப் பின்னாளில் வந்த பெரும் வீரர்கள் எவரும் இதைத் தாண்டவில்லை.

ஆனால் அவர் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் வியப்பு வேறு விதமாக மாறும். பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கணக்குப்படி அவர் ஆடியவை 17 போட்டிகள் மட்டுமே. கிட்டத்தட்ட 16 ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒரு போட்டி என்ற அளவு. இன்றைய தேசிய அணி வீரர் ஒருவர் ஒன்றரை ஆண்டில் இந்த எண்ணிக்கையை எட்டிவிடுவார்.

அவர் திறமை குறைந்தவர் அல்லர். தன் காலத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவராக மதிக்கப்பட்டவர். பெலேக்கு அந்தப் பட்டம் கிடைப்பதற்கு முன்பே 'கறுப்பு முத்து' என அழைக்கப்பட்டவர். அப்படியானால் அந்த ஆண்டுகள் எங்கே போயின? ஒரு பகுதியைப் போர் எடுத்துக்கொண்டது. மறு பகுதியை, தன்னுடையது அல்லாத கொடியின் கீழ் ஆடவேண்டியிருந்த ஒரு மனிதனின் நிலை எடுத்துக்கொண்டது.

பிறந்த ஆண்டு இரண்டு

பென் பாரெக் பிறந்த திகதி 1917 ஜூன் 16 எனப் பதிவாகியிருக்கிறது. 1914 என்று குறிப்பிடும் பதிவுகளும் உண்டு. அக்காலத்து மொரோக்கோவில் ஏழைக் குடும்பமொன்றில் பிறக்கும் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துவைப்பது வழக்கமாக இருக்கவில்லை. ஆகவே அவருடைய வாழ்க்கைக் கதையில் வயதைச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று ஆண்டுகளைக் கூட்டியும் பார்க்கவேண்டியிருக்கிறது.

1912 ஆம் ஆண்டு பெஸ் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கையின் மூலம் மொரோக்கோவின் பெரும்பகுதி பிரான்சின் 'பாதுகாப்பின்' கீழ் வந்தது. வடக்கே ஒரு பகுதியை ஸ்பெயின் எடுத்துக்கொண்டது. சுல்தான் அரியணையில் இருந்தார். முடிவுகளைப் பிரெஞ்சு வதிவிடப் பிரதிநிதி எடுத்தார். மொரோக்கோ மக்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆக்கப்படவில்லை. பெயரளவில் சுல்தானின் குடிமக்களாகவே இருந்தார்கள்.

இந்த ஆட்சியில்தான் கசபிளங்கா ஒரு சிறு துறைமுகத்திலிருந்து பெருநகராக வளர்ந்தது. ஐரோப்பியர்களுக்கு அகன்ற வீதிகளும் வெள்ளை மாளிகைகளும் எழுந்தன. வேலை தேடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் பழைய நகரின் நெருக்கமான ஒழுங்கைகளிலும் தகரக் கொட்டில்களிலும் குடியேறினார்கள். 'பிதோன்வில்' என்று பிரெஞ்சு மொழியில் இன்று உலகெங்கும் சேரிகளைக் குறிக்கும் சொல் பரவலானது இந்த நகரிலிருந்துதான். தகரப் பேணிகளை வெட்டி நிமிர்த்திக் கூரை போட்டதால் வந்த பெயர் அது.

பென் பாரெக் இந்தப் பக்கத்துக் கசபிளங்காவின் பிள்ளை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தச்சுப் பட்டறையில் வேலை பழகினார். மாலையில் வெறுங்காலுடன் மணற்றரையில் பந்து உதைத்தார். 1930களின் நடுப்பகுதியில் 'இடேயல்' என்ற உள்ளூர்க் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து நகரின் பெரிய கழகமான யூ.எஸ். மொரோக்கேனுக்குச் சென்றார். அது குடியேறிய ஐரோப்பியர்களின் கழகம். அதில் ஆடுவதோடு எரிபொருள் நிரப்பு நிலையமொன்றில் வேலையும் பார்த்தார். அதே கழகத்தில் பந்து உதைத்த இன்னோர் இளைஞர் மார்செல் செர்தான். பின்னாளில் குத்துச்சண்டையில் உலகச் சம்பியனானவர்.

1937 இல் பிரான்சின் 'பி' அணி கசபிளங்காவுக்கு வந்து மொரோக்கோத் தெரிவு அணியுடன் மோதியது. விருந்தாளிகள் வென்றார்கள். ஆனால் அவர்கள் ஊர் திரும்பியபோது பேசியது எதிரணியில் ஆடிய ஒரு கறுப்பு இளைஞரைப் பற்றி. உயரமானவர். இரண்டு கால்களாலும் ஒரே மாதிரி உதைப்பார். தலையாலும் கோல் போடுவார். எதிரணிக்காரர் நெருங்கும்போது உடலை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு மறுபக்கத்தால் போய்விடுவார். தானே கோல் போடுவதைவிட, அருகில் நிற்பவருக்குச் சரியான இடத்தில் பந்தைக் கொடுப்பதில் கூடுதல் விருப்பம் உள்ளவர். அடுத்த ஆண்டே மார்செய் கழகம் அவரைக் கடல் கடந்து அழைத்துக்கொண்டது.

நேப்பிள்ஸில் ஒரு மாலை

1938–39 பருவகாலம் மார்செய்யில் அவருடைய முதற் பருவகாலம். அக்கழகம் பிரெஞ்சு லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. சேட் அணி முதலிடம். ஆனால் பருவகாலத்தின் பாதி முடிவதற்கு முன்பே பென் பாரெக்கைப் பிரான்சின் தேசிய அணி அழைத்துவிட்டது.

எதிரணி இத்தாலி. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் பாரிஸில் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணி. போட்டி நேப்பிள்ஸ் நகரில். திகதி டிசம்பர் 4. இதற்கு நான்கு நாட்களுக்கு முன், நவம்பர் 30 அன்று, இத்தாலிய நாடாளுமன்றத்தில் முசோலினியின் ஆட்கள் எழுந்து நின்று துனீசியாவும் கோர்சிக்காவும் நீஸும் இத்தாலிக்கே சொந்தம் என்று கோஷமிட்டிருந்தார்கள். அதே இலையுதிர் காலத்தில் இத்தாலி இனவாதச் சட்டங்களையும் கொண்டுவந்திருந்தது. அப்படிப்பட்ட ஒரு மைதானத்துக்குள் பிரெஞ்சுச் சீருடை அணிந்து ஒரு கறுப்பு ஆபிரிக்கர் இறங்கினார்.

பார்வையாளர்கள் கூவினார்கள், ஏளனம் செய்தார்கள். பென் பாரெக் பிரெஞ்சுத் தேசிய கீதத்தை உரக்கப் பாடி அதற்குப் பதில் கொடுத்தார் என்று ஒரு கதை பின்னர் பிரான்சில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இத்தாலி 1–0 என்று வென்றது. ஆனாலும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின.

அந்தக் கொண்டாட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பிரான்சுக்கு ஆடிய முதற் கறுப்பு வீரர் பென் பாரெக் அல்லர். 1931 இலேயே ரவூல் டியாஞ் அந்த இடத்தைப் பெற்றுவிட்டார். ஆனால் டியாஞ், செனகலில் இருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தெரிவான ஒருவரின் மகன். பிரெஞ்சுக் குடிமகன். பென் பாரெக் கசபிளங்காவின் தச்சுப் பட்டறையில் இருந்து வந்தவர். அவர் பிறந்த நாட்டில் அவருக்கு வாக்குரிமை இல்லை. கழகம் ஆரம்பிக்கக்கூட உள்ளூர் மக்கள் அனுமதிக்காக அலையவேண்டியிருந்த காலம். அவர் எவருடைய கீதத்தைப் பாடியதாகப் போற்றப்பட்டாரோ, அவர்களே அவருடைய நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்கள். இனவாதிகளின் முன்னால் அந்தச் சீருடை அவருக்கு ஒரு கவசம். ஊர் திரும்பினால் அதே கொடி அவருடைய தெருவின் மேல் பறந்தது. இரண்டும் உண்மை. அவர் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆடினார்.

போர் எடுத்துக்கொண்ட ஆறு ஆண்டுகள்

1939 செப்டெம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. பிரெஞ்சு லீக்கின் வழக்கமான பருவகாலம் நின்றுபோனது. பென் பாரெக் கசபிளங்காவுக்குத் திரும்பினார். குறைந்த கணக்கில் அப்போது அவருக்கு 22 வயது. மீண்டும் ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடத் தொடங்கும்போது 28. ஒரு முன்கள வீரரின் கால்கள் எந்த ஆண்டுகளில் மிக வேகமாக ஓடுமோ, சரியாக அந்த ஆண்டுகள்.

அவர் ஆடாமல் இருக்கவில்லை. பழைய கழகமான யூ.எஸ். மொரோக்கேனுக்காக ஆடினார். கசபிளங்கா, ஓரான், அல்ஜியர்ஸ் எனப் போட்டிகள் இருந்தன. ஆனால் அந்த ஆட்டங்களை உலகம் பார்க்கவில்லை. பெரும்பாலானவற்றுக்கு இன்று முழுமையான பதிவு இல்லை.

போர் அந்த நகரையும் தேடிவந்தது. 1940 இல் பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தபின், மொரோக்கோ விஷி அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1942 நவம்பர் 8 அதிகாலை அமெரிக்கப் படைகள் மொரோக்கோக் கரையில் இறங்கின. விஷிக்கு விசுவாசமான பிரெஞ்சுக் கடற்படை எதிர்த்துச் சுட்டது. கசபிளங்காத் துறைமுகம் கடலிலிருந்தும் வானிலிருந்தும் தாக்கப்பட்டது. இரு தரப்பும் வெளிநாட்டவர். எறிகணைகள் விழுந்த நகரம் மட்டும் மொரோக்கோ மக்களுடையது. அதே மாதம் அமெரிக்காவில் 'கசபிளங்கா' என்ற புகழ்பெற்ற திரைப்படம் வெளியானது. ஹொலிவூட் கலையகத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் காதலும் துரோகமும் தியாகமும் எல்லாம் ஐரோப்பியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் உரியவை. நகரின் சொந்த மக்கள் பின்னணியில் நடந்துபோகிறார்கள்.

1943 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டும் சேர்ச்சிலும் அந்நகரில் கூடிப் போரின் அடுத்த கட்டத்தைத் திட்டமிட்டார்கள். பல்லாயிரம் மொரோக்கோ இளைஞர்கள் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டு இத்தாலியிலும் பின்னர் பிரான்சிலும் போரிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் நாட்டில் எதுவும் மாறாததைக் கண்டார்கள். 1944 ஜனவரி 11 அன்று மொரோக்கோத் தேசியவாதிகள் சுதந்திரம் கேட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். பிரான்சின் பதில் கைதுகளாக வந்தது.

உலகக் கிண்ணங்களை வைத்துப் பார்த்தால் பென் பாரெக் இழந்தது இன்னும் தெளிவாகும். 1938 உலகக் கிண்ணம் பிரான்சில் நடந்தபோது அவர் இன்னும் தேசிய அணியில் இல்லை. 1942 உம் 1946 உம் போரினால் நடைபெறவில்லை. 1950 இல் பிரேசிலுக்குப் பிரான்ஸ் போகவில்லை. 1954 இல் சுவிட்சர்லாந்துக்குப் போன பிரெஞ்சு அணியில் அவர் சேர்க்கப்படவில்லை. ஒரு தலைமுறையின் பெரும் வீரர், ஒரேயொரு உலகக் கிண்ணப் போட்டியில்கூட ஆடாமலே முடித்தார்.

பாரிஸும் மட்ரிட்டும்

1945 இல் பாரிஸின் ஸ்டாட் பிரான்சே கழகம் அவரை அழைத்தது. அங்கே பயிற்றுவிப்பாளர் எலேனியோ எரேரா. ஆர்ஜென்டினாவில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கசபிளங்காவின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். 1960களில் இன்டர் மிலான் அணியை ஐரோப்பாவின் உச்சிக்குக் கொண்டுபோன அதே எரேரா. ஒரே நகரின் வறுமையை அறிந்த இருவரும் பாரிஸில் சந்தித்தார்கள். முதற் பருவகாலம் முடிய அணி முதற் பிரிவுக்கு உயர்ந்தது. பென் பாரெக் மீண்டும் பிரான்சின் தேசிய அணியில் இடம்பிடித்தார்.

1948 இல் ஸ்பெயினின் அத்லெட்டிக்கோ மட்ரிட் அவரை விலைபேசியது. பேசப்பட்ட தொகை 17 மில்லியன் பிராங். அந்நாளில் பிரான்சைக் கலக்கிய விலை அது. தேசத்தின் நினைவுச்சின்னம் ஒன்றை விற்றுவிட்டதைப்போல் பாரிஸ் பத்திரிகைகள் புலம்பின. பிரான்சின் சொத்து என்று அவரைச் சொன்னார்கள். அந்தச் சொத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கவில்லை என்பது அந்தப் புலம்பலில் பெரிதாகப் பேசப்படவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த மட்ரிட்டுக்கும் ஒரு போரின் நினைவு இருந்தது. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில், ஸ்பானிய மொரோக்கோவிலிருந்து பிராங்கோ பல்லாயிரம் மொரோக்கோச் சிப்பாய்களைக் கொண்டுவந்து குடியரசுப் படைகளுக்கு எதிராக நிறுத்தியிருந்தார். வறுமைக்காகக் கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். முற்றுகைக்குள் இருந்த மட்ரிட் மக்களுக்கு 'மோரோ' என்ற சொல் பயத்தின் பெயராக ஆகியிருந்தது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளில், அதே மக்கள் நிறைந்த மெட்ரோபொலித்தானோ மைதானத்தில் ஒரு மொரோக்கோக்காரர் பந்தோடு ஓடினார்.

அத்லெட்டிக்கோ கழகமும் அந்தப் போரின் விளைவுகளிலிருந்து தப்பியிருக்கவில்லை. போர் முடிந்தபின் விமானப்படையின் அணியுடன் இணைக்கப்பட்டு, 1947 வரை அத்லெட்டிக்கோ அவியாசியோன் என்ற பெயரில் இயங்கியது. பழைய பெயர் திரும்பிக் கிடைத்த மறு ஆண்டு பென் பாரெக் வந்தார். அடுத்த ஆண்டு எரேராவும் வந்து சேர்ந்தார்.

பிறகு நடந்தது அக்கழகத்தின் பொற்காலங்களில் ஒன்று. ஹுன்கோசா, பென் பாரெக், பெரெஸ் பயா, சுவீடனின் கார்ல்சன், எஸ்குதேரோ ஆகிய ஐவரும் சேர்ந்த முன்வரிசைக்கு ஸ்பானிய ரசிகர்கள் 'கண்ணாடி முன்வரிசை' என்று பெயர் வைத்தார்கள். 1949–50 இலும் 1950–51 இலும் அத்லெட்டிக்கோ ஸ்பானிய லீக்கை வென்றது. அந்த இரண்டாவது பருவகாலத்தில் றியல் மட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 6–3 என்று தோற்கடித்தது. ஐந்து பருவகாலங்களில் பென் பாரெக் லீக்கில் மட்டும் 50க்கும் மேற்பட்ட கோல்களைப் போட்டார். மட்ரிட் அவருக்குக் கொடுத்த பட்டப்பெயர் 'கடவுளின் கால்'. மோரோ என்று அஞ்சிய நகரம் கொடுத்த பெயர்.

ஆனால் மட்ரிட்டில் அவர் உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் பிரான்சின் தேசிய அணி அவரைத் தேடவில்லை. வெளிநாட்டுக் கழகத்தில் ஆடுபவர்களை அழைப்பதில் அப்போது அக்கறை இருக்கவில்லை. தேசத்தின் நினைவுச்சின்னம் என்று புலம்பியவர்கள் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார்கள். 17 போட்டிகள் 17 ஆகவே நின்றுபோனதற்குப் போருக்கு அடுத்த காரணம் இது.

ஒன்பது நாட்களில் இரண்டு சீருடைகள்

1953 இன் பிற்பகுதியில் அவர் மார்செய்க்குத் திரும்பினார். வயது 36, அல்லது 39. 1954 மே மாதம் பிரெஞ்சுக் கிண்ண இறுதிப் போட்டி வரை அணி சென்றது. நீஸ் 2–1 என்று வென்றது.

அந்த மாதங்களில் மொரோக்கோ கொதித்துக்கொண்டிருந்தது. 1952 டிசம்பரில் துனீசியத் தொழிற்சங்கத் தலைவர் பர்ஹத் ஹஷெத் படுகொலை செய்யப்பட்டதைக் கண்டித்துக் கசபிளங்காவின் சேரிகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. பிரெஞ்சுப் படைகள் துப்பாக்கிச் சூடு நடத்தின. 1953 ஓகஸ்ட் 20 அன்று, தேசியவாதிகளின் பக்கம் சாய்ந்த சுல்தான் ஐந்தாம் முகமதுவைப் பிரான்ஸ் அரியணையிலிருந்து அகற்றியது. முதலில் கோர்சிக்காவுக்கும், பின்னர் இந்து சமுத்திரத்தின் மறுகோடியில் இருந்த இன்னொரு பிரெஞ்சுக் குடியேற்ற நாடான மடகஸ்காருக்கும் அவர் நாடுகடத்தப்பட்டார். அந்தத் தீவிலும் சில ஆண்டுகளுக்கு முன்தான், 1947 இல், விடுதலை கேட்டு எழுந்த கிளர்ச்சியைப் பிரெஞ்சுப் படைகள் இரத்தத்தில் மூழ்கடித்திருந்தன.

1954 செப்டெம்பர் 9 அன்று அல்ஜீரியாவின் ஓர்லியான்வில் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி சேர்க்க ஒக்டோபர் 7 அன்று பாரிஸின் பார்க் டெ பிரின்ஸ் மைதானத்தில் ஒரு போட்டி ஒழுங்கு செய்யப்பட்டது. ஒரு பக்கம் பிரான்ஸ். மறுபக்கம் வட ஆபிரிக்கா: மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய மூன்று நாடுகளின் வீரர்கள் சேர்ந்த அணி.

வட ஆபிரிக்கா 3–2 என்று வென்றது. அந்த அணியின் நடுநாயகமாக நின்றவர், எல்லோரும் முடிந்துபோனவர் என்று நினைத்திருந்த பென் பாரெக். ஆளும் நாட்டின் தலைநகரில், ஆளப்படும் மூன்று நாடுகளின் பிள்ளைகள் ஒரே அணியாக நின்று வென்ற மாலை அது. மைதானத்துக்கு வந்திருந்த வட ஆபிரிக்கத் தொழிலாளர்களுக்கு அந்த வெற்றி வெறும் உதைபந்தாட்ட வெற்றியாக இருந்திருக்க முடியாது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விந்தை. அன்று அவருடைய ஆட்டத்தைப் பார்த்த பிரெஞ்சுத் தெரிவாளர்கள், பல ஆண்டுகள் மறந்திருந்த அவரை மீண்டும் தேசிய அணிக்கு அழைத்தார்கள். பிரான்சைத் தோற்கடித்து ஒன்பதாவது நாள், ஒக்டோபர் 16 அன்று, ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிரான்சுக்காகக் களமிறங்கினார். எதிரணி அந்தக் கோடையில் உலகக் கிண்ணத்தை வென்ற மேற்கு ஜேர்மனி. பிரான்ஸ் 3–1 என்று வென்றது. ஆனால் பென் பாரெக் முதற் பாதியிலேயே காயமடைந்து வெளியேறினார். மீண்டும் அவர் அழைக்கப்படவில்லை. நீண்ட சாதனையின் கடைசித் திகதி இப்படித்தான் எழுதப்பட்டது.

இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 1 அன்று, அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கியது. 1958 இல் முஸ்தபா சிதூனி, ரஷீத் மெக்லூபி, பென் திபூர் உள்ளிட்ட அல்ஜீரிய வீரர்கள் பிரெஞ்சுக் கழகங்களை விட்டு இரகசியமாக வெளியேறி, விடுதலை முன்னணியின் பெயரில் உதைபந்தாட்ட அணியொன்றை அமைத்து உலகைச் சுற்றினார்கள். சிதூனியும் மெக்லூபியும் சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்கான பிரெஞ்சு அணியில் இடம்பெறும் வாய்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனவர்கள். பென் பாரெக்கின் தலைமுறைக்கு அப்படியொரு தெரிவு முன்வைக்கப்படவில்லை. அவர்கள் ஆடிய காலத்தில் போய்ச் சேர ஓர் அணியே இருக்கவில்லை.

சொந்த நாட்டுக்கு ஆடாதவர்

மார்செய்யை விட்டபின் அல்ஜீரியாவின் சிடி பெல் அப்பெஸ் நகர அணியில் சிறிது காலம் ஆடினார். 1955 நவம்பரில் சுல்தான் நாடு திரும்பினார். 1956 மார்ச் 2 அன்று மொரோக்கோ சுதந்திரம் பெற்றது. 1957 இல் நாட்டின் தேசிய அணி முதற்தடவையாகச் சர்வதேசப் போட்டிகளில் இறங்கியது. அதன் தொடக்ககாலப் பயிற்றுவிப்பாளர் பென் பாரெக்.

சுதந்திர நாட்டின் அணி உருவானபோது அவருக்கு 40 வயது. அந்தச் சீருடையை அணியும் காலம் கடந்துவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் நின்று, தன் கொடியின் கீழ் இளைஞர்கள் ஆடுவதைப் பார்க்க மட்டுமே அவருக்குக் கிடைத்தது.

அதன்பின் அவருடைய பெயர் மெல்ல மங்கியது. அவருடைய சிறந்த ஆட்டங்கள் தொலைக்காட்சிக்கு முந்தியவை. எஞ்சியவை சில புகைப்படங்களும், பார்த்தவர்களின் நினைவுகளும். பிரான்சுக்கு அவர் இழந்துவிட்ட குடியேற்ற நாட்டின் ஒரு நினைவு. புதிய மொரோக்கோவுக்கு அவர் பழைய ஆட்சியாளரின் சீருடையில் புகழ்பெற்றவர். இரண்டு பக்கமும் அவரை மதித்தன. இரண்டு பக்கமும் முழுமையாகத் தம்மவர் என்று எடுத்துக்கொள்ளத் தயங்கின.

1992 செப்டெம்பர் 16 அன்று கசபிளங்காவில் அவர் இறந்தார். தனியாக வாழ்ந்துவந்த அவர் இறந்தது சில நாட்கள் கழிந்த பின்னரே வெளியே தெரியவந்தது.

1998 இல் உலகக் கிண்ணம் பிரான்சில் நடந்தபோது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா அவருக்கு உயர் விருதை வழங்கியது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. அந்த ஆண்டு கிண்ணத்தைத் தூக்கிய பிரெஞ்சு அணியின் நாயகன், அல்ஜீரியப் பெற்றோருக்கு மார்செய்யில் பிறந்த சிடான். கசபிளங்காவில் இன்று ஒரு மைதானம் பென் பாரெக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2022 டிசம்பர் 14 அன்று கட்டாரில் உலகக் கிண்ண அரையிறுதியில் மொரோக்கோவும் பிரான்சும் மோதின. அரையிறுதிவரை வந்த முதல் ஆபிரிக்க நாடு மொரோக்கோ. அதன் 26 வீரர்களில் 14 பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். பிறந்த நாட்டுக்கு ஆடுவதா, பெற்றோரின் நாட்டுக்கு ஆடுவதா என்று அவர்களால் தீர்மானிக்க முடிந்தது. பிரான்ஸ் 2–0 என்று வென்றது. தோற்றபின்னும் நிமிர்ந்து நின்ற அந்த இளைஞர்களிடம் பென் பாரெக்கிடம் இல்லாத ஒன்று இருந்தது. அது திறமை அல்ல. தெரிவு.

போர்களின் கணக்கை எழுதும்போது நாம் இறந்தவர்களை எண்ணுகிறோம், இடிந்த வீடுகளை எண்ணுகிறோம். உயிரோடு எஞ்சியவர்களிடமிருந்து போர் எடுத்துச்சென்ற ஆண்டுகளை எண்ணுவதற்கு எந்த ஏடும் இல்லை. படிக்காமல் போன வகுப்பு, பழகாமல் போன தொழில், ஆடாமல் போன ஆட்டம் எதுவும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. பென் பாரெக்கின் விடயத்தில் மட்டும், தற்செயலாக, அது ஒரு சாதனைப் பட்டியலில் பதிவாகியிருக்கிறது. 1938 இலிருந்து 1954 வரை, 17 போட்டிகள்.